எட்டாவது ஆள்

ஜனவரி மாதத்தில் பால்கெரியில் பொழுது விடிகிறது என்று சொல்வதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். காலை ஒன்பது மணிக்கு வானம் சாம்பல் தேய்த்துக் கழுவாமல் விட்ட சட்டி மாதிரி வெளுக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு அதே சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். நடுவில் கிடைக்கிற ஏழு மணி நேரமும் கடல் பக்கமிருந்து ஏறிவரும் ஈரக் காற்று எலும்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட மாதத்தில், உருளைக்கிழங்குக் கொட்டகையில் நின்று பச்சைத் தண்ணீரில் வேலை பார்க்கிறவன் கையைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? ராப் பெவரிட்ஜின் வலது கைச் சுண்டுவிரல் மடங்கிக்கொண்டு வந்ததை அவன் பெண்டாட்டியே புத்தாண்டு கழிந்துதான் கவனித்தாள்.

"கையக் காட்டு" என்றாள் நெட்டா.

"என்ன கைய? சூப்பு ஆறுது, குடி."

"மேசை மேல விரிச்சு வைய்யான்னா."

வைத்தான். நாலு விரலும் மேசையில் படிந்தன. சுண்டுவிரல் மட்டும் படியவில்லை, பாதி மடங்கியபடி நின்றது. உள்ளங்கையில் தோலுக்கு அடியில் கயிறு ஓடுகிற மாதிரி ஒரு தடிப்பு. நெட்டா அதை அமுக்கிப் பார்த்தாள். மரம் மாதிரி இருந்தது.

"எப்பருந்து?"

"கோடையிலயே லேசா இருந்துச்சு. இப்பத்தான் கொஞ்சம் கூடியிருக்கு."

"இதுக்குப் பேரு கொஞ்சமா? டாக்டர்கிட்டப் போனியா இல்லியா?"

"போனேன், போனேன். பெரியாஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருக்காரு. அடுத்த வருசம் கூப்பிடுவாங்களாம். கீறி எடுத்தாலும் திரும்பி வரும்னாரு. எங்கப்பனுக்கும் இதேதான். மூணு விரல் மடங்கி, பெட்டியில வச்சப்பகூட கை நிமிரல. மறந்துட்டியா?"

"பாண்டுல, சேண்டிகிட்டச் சொன்னியா?"

அவன் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் முக்கிக்கொண்டிருந்தான்.

சுண்டுவிரல் மடங்கினால் கிழங்கு பொறுக்கலாம். கோப்பை பிடிக்கலாம், வேலி கட்டலாம், எல்லாம் செய்யலாம். பேக்பைப்பில் பிர்ல் மட்டும் போட முடியாது. குழலின் அடித் துளையைச் சுண்டுவிரலால் இரண்டு தரம் சடக்கென்று வழித்துவிடுகிற வேலை அது. கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது. ஒரு ஆள் தனியாக வாசித்தால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாருக்கும் தெரியாது. போட்டி வட்டத்தில் அத்தனை பேருடைய விரலும் ஒரே விரல் மாதிரி விழ வேண்டும். ஒருத்தன் பிசகினால் நல்ல துணியில் முள் மாட்டி இழுத்த மாதிரி மொத்தமும் கோணலாகப் போகும்.

பால்கெரி பாண்டு பத்தொன்பது வருஷம் போட்டிகளில் கீழ்த்தரத்திலேயே கிடந்து, போன ஆகஸ்டில்தான் ஒரு படி மேலே ஏறியிருந்தது. அன்றைக்கு ஊரே குடித்தது. பாதிரியார்கூடக் குடித்தார். மேல்தரத்தில் இறங்கக் குறைந்தது எட்டுக் குழல் வேண்டும். பால்கெரியில் ஒன்பது பேர் இருந்தார்கள். பாண்டை நடத்துகிற பைப் மேஜர் சேண்டி கின்னேர் புதிய தரத்துக்கு ஏற்றபடி புதிய பாட்டுகளைக் கோத்து வைத்திருந்தான். அதில் பிர்ல் மட்டும் பதினான்கு.

ராப் பன்னிரண்டு வயதில் அந்த வட்டத்தில் போய் நின்றவன். இப்போது ஐம்பத்தாறு. கொட்டகையில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிழங்கு ஓடுகிற மூன்றாவது பெல்ட்டில் நிற்பதால் 'மூணாம் பெல்ட்டு' என்பார்கள். கூன் விழுந்த முதுகோடு போவான், கூன் விழுந்த முதுகோடு வருவான். பாண்டு உடுப்பான கட்டம் போட்ட பாவாடையும் கோட்டும் போட்டு, தோளில் ஒத்துக் குழல் மூன்றையும் சாத்தி நிறுத்தியதும் அந்த முதுகு எங்கிருந்துதான் நிமிருமோ! நெட்டா அந்த முதுகைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டாள். பிற்பாடு அவளும் பாண்டில் சேர்ந்து பெரிய டிரம்மைத் தூக்கினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் அண்டா தூக்கிய கைக்கு அது ஒன்றும் பெரிய பாரமில்லை.

*

குளிர்காலம் முழுக்க மேசைக் காலம். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், ஊர்ச் சங்கக் கட்டடத்து அறையில் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பழகுகிற சின்னக் குழலில், ஒரே பாட்டை அரைக்க அரைக்க அரைப்பார்கள். கால் தரையில் தாளம் போடும். மின்சாரக் கணப்பின் கம்பி இரண்டில் ஒன்றுதான் எரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் பெரிய குழல்களை எடுத்துக்கொண்டு கூடத்தில் வட்டம் கட்டுவார்கள்.

சந்தேகம் வந்தால் மேசையில் ஒவ்வொருத்தரையும் தனியாக ஊதச் சொல்வான் சேண்டி. ஆனால் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. இருபது வருஷம் தாண்டினவர்களைத் தனியாக ஊதச் சொல்வது கிடையாது. சொன்னால் மூஞ்சியில் துப்பின மாதிரி. சேண்டிக்கு முந்தின மேஜரும் சொன்னதில்லை, அவனுக்கு முந்தினவனும் சொன்னதில்லை.

ஜனவரி இரண்டாவது ஞாயிறு. வெளியே பனியும் மழையும் கலந்து சாய்ந்து அடித்தது. பாட்டின் மூன்றாவது பாகத்தில் சேண்டி கையைத் தூக்கி நிறுத்தினான். தபால்காரன் அவன், நாய் எந்த வீட்டில் குரைக்கிறது என்று தெருமுனையிலேயே சொல்லிவிடுகிற காது.

"பிர்ல் ரெண்டா விழுது. இந்தப் பக்கம்" என்று வலது பக்கத்தைக் காட்டினான்.

வலது பக்கக் கடைசியில் இரண்டு பேர். ராப், அவனுக்கு அடுத்து ஐலா. ஐலாவுக்கு இருபத்திரண்டு வயது. ரொட்டிக் கடையில் வேலை. பாண்டுக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது.

"மறுபடி."

மறுபடியும் அதேதான். சேண்டி வட்டத்தைச் சுற்றி வந்து இரண்டு பேர் முதுகுக்கும் நடுவில் காதை வைத்துக்கொண்டு நின்றான். தோளோடு தோள் நிற்கிறவர்களில் யார் விரல் என்று எந்தக் காதுக்குத் தெரியும்? நெட்டா டிரம்முக்குப் பின்னால் நின்று புருஷன் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வழிக்கவில்லை. தட்டிவிட்டுப் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது.

"ஐலா, குழல வச்சுட்டு மேசைக்கு வா. சின்னக் குழல எடு" என்றான் சேண்டி.

"நானா?"

"நீதாம்மா. பின்ன ராபையா ஊதச் சொல்லுவேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். ராபும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நெட்டா செத்தாலும் மறக்கமாட்டாள்.

பதினாறு பேர் சுற்றி நின்று பார்த்தால் யாருக்குத்தான் விரல் நடுங்காது? ஐலா முதல் பிர்லை நன்றாகப் போட்டாள். இரண்டாவது வழுக்கியது. மூன்றாவதில் நின்றுவிட்டாள்.

"பாத்தியா?" என்றான் சேண்டி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஒரு மாசம் தர்றேன். சரியாகலேன்னா இந்த வருசம் வட்டத்துக்கு வெளிய நில்லு. எட்டுப் பேர் இருக்கோம், சமாளிச்சுக்குவோம்."

டாட் மெல்வில் என்கிற பஸ் டிரைவருக்கு எதையும் கேலி செய்யாவிட்டால் தூக்கம் வராது. "ரொட்டிக்கு மாவு பிசைஞ்ச கையாச்சே மேஜர், பசை இன்னும் போகலை போல!" என்றான். மறுபடி சிரிப்பு. ஐலா தலையைக் குனிந்துகொண்டு குழலைப் பெட்டியில் வைத்தாள். ராப் தன் ஒத்துக் குழலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நெட்டா, "வியாழக்கிழமை சொல்லிரு" என்றாள்.

"ம்."

"'ம்'முன்னா?"

"சொல்றேங்கிறேன்ல!"

வியாழக்கிழமை வந்தது, போனது. சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் அப்படித்தான்.

*

மாதக் கடைசிக்கு நாலைந்து நாள் இருக்கும். சாயங்காலம் ஐலா வீட்டுக்கு வந்தாள். கடையில் மீந்த, இறைச்சி அடைத்துச் சுட்ட பிரைடி நாலு கையிலிருந்தது. நெட்டா கெட்டிலை வைத்தாள். ஐலா கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பங்கரை நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள்.

"ராப், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உங்களத்தான் கேக்க முடியும். நீங்கதான் பக்கத்துல நிக்கிறீங்க."

"கேளும்மா."

"நெசமாவே நான்தானா அது? வீட்டுல தனியா வாசிக்கிறப்போ சுத்தமா விழுது. டேப்புல பதிஞ்சுகூடக் கேட்டுட்டேன். வட்டத்துல நின்னா எனக்கே கேக்குது, ரெண்டா விழுறது. என் காதா, என் விரலான்னு தெரியல. பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு. நீங்க சொல்லுங்க, நான் நம்பிக்கிறேன்."

நெட்டா தொட்டிப் பக்கம் திரும்பிக் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ ஒன்றுமில்லை. கழுவின கோப்பையையே எடுத்துக் கழுவினாள். சொல்லிடுய்யா, சொல்லித் தொலைச்சிடுய்யா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ராப் வலது கையை மேசைக்கு அடியில் வைத்திருந்தான்.

"கொஞ்சம் பிந்தித்தாம்மா விழுது" என்றான். "பெருசா ஒண்ணுமில்ல. பழகினா சரியாயிரும்."

ஐலா கோட்டுப் பொத்தானைப் பூட்டினாள். "சரி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்தாள். டீயைக் குடிக்கவே இல்லை.

கதவு சாத்தினதும் நெட்டா திரும்பினாள். "மனுசனாய்யா நீ?"

"கத்தாத."

"அந்தப் புள்ள உன்ன நம்பி வந்து கேக்குது. அதுகிட்டப் போயி வாய் கூசாம..."

"அவளுக்கு வயசிருக்கு நெட்டா! எங்க போனாலும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. க்ரெய்க்மில் பாண்டுக்காரன் ரெண்டு வருசமா கூப்பிட்டுட்டு இருக்கான். எனக்கு? எனக்கு எவன் இருக்கான்? இந்தக் கோடை ஒண்ணு. மேல்தரத்துல ஒரே ஒரு கோடை நின்னுட்டு நானே எந்திரிச்சுப் போயிடறேன். நாப்பத்திநாலு வருசம் நின்னுருக்கேன், ஒண்ணே ஒண்ணு கேக்கக் கூடாதா?"

அழுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அவன் அப்பனைப் புதைத்த அன்றைக்குக்கூட இல்லை. நெட்டா கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சேண்டி வீடு மூன்று வீடு தள்ளித்தான். பொத்தான் எல்லாம் பூட்டி, கதவுக் கைப்பிடியில் கை வைத்து நின்றாள். பாண்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஆள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கப் போவதை நினைத்துப் பார்த்தாள். அதை அவளால் தாங்க முடியவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து பிரைடியைச் சூடு பண்ணினாள். இரண்டு பேரும் ஆளுக்கொன்று தின்றார்கள். இவள் பாவத்துக்கும் அவன் பாவத்துக்கும் அதற்குப் பிறகு என்ன வித்தியாசம்?

பாண்டு மாறுகிறவர்கள் ஜனவரிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். முப்பத்தொன்றாம் தேதி ஐலா க்ரெய்க்மில் பாண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். சேண்டி கையெழுத்துப் போட்டு அனுப்பினான். "போகட்டும். எட்டுப் பேர் போதும்" என்றான்.

*

பிப்ரவரி முதல் ஞாயிறு. எட்டுப் பேர் வட்டம் கட்டினார்கள். சுருதி சேர்க்க முக்கால் மணி நேரம் ஆனது. குளிரில் சீவாளி ஒவ்வொன்றும் ஒவ்வொரு திக்கில் இழுத்தது. ஒருவழியாகச் சேர்ந்து, மூன்றாவது பாகத்துக்கு வந்தார்கள்.

பிர்ல் இரண்டாக விழுந்தது.

சேண்டி கையைத் தூக்கவில்லை. பாட்டு அதுவாகவே நைந்து நின்றது. ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கவில்லை. ஐலா நின்ற இடத்தில் வெறும் தரைதான் இருந்தது, ராபுக்குப் பக்கத்தில் ஆளே இல்லை. கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. டாட் வாயைத் திறந்து மூடிக்கொண்டான்.

"எல்லாரும் மேசைக்கு வாங்க" என்றான் சேண்டி கடைசியில். "ஒவ்வொருத்தரா ஊதுவோம். நானும் ஊதறேன். எல்லாருமே."

ஊதினார்கள். சேண்டி முதலில், டாட் அடுத்து, இப்படியே சுற்றி வந்தது. ராபிடம் வந்தபோது அவன் சின்னக் குழலைக் கையில் எடுக்கவே இல்லை. வலது கையை மேசைமேல் வைத்தான். முன்பைவிட இன்னும் மடங்கியிருந்தது.

சேண்டி வெகுநேரம் அந்தக் கையைப் பார்த்தான்.

"எத்தன நாளா?"

"கோடையிலருந்து."

"அன்னிக்கு அந்தப் புள்ளைய இங்க உக்கார வச்சு ஊதச் சொன்னேனே. அப்ப?"

"அப்பவும்தான்."

"நீ பக்கத்துலதானடா நின்ன!"

சேண்டி நெட்டாவைத் திரும்பிப் பார்த்தான். நெட்டா தரையைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும் என்பது அவனுக்குப் புரிந்துபோனது. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய் மழையில் நின்றான்.

அன்றைக்குச் சாயங்காலமே அவன் ஐலா வீட்டுக்குப் போனான். மன்னிப்புக் கேட்டான், நடந்ததைச் சொன்னான். அவள் வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டாளாம். "தேதி தாண்டிருச்சு சேண்டி. தாண்டலேன்னாலும் வரமாட்டேன்" என்றாளாம். பிறகு, "ராப் சொன்னதுனாலதான் போனேன். நீங்க சொன்னதுக்குப் போயிருக்க மாட்டேன்" என்றாளாம். சேண்டி இதை அப்படியே நெட்டா வீட்டு அடுப்பங்கரையில் வந்து சொன்னான். அவன் உட்காரவில்லை.

"இப்ப என்ன செய்யப் போற?" என்று நெட்டாதான் கேட்டாள்.

"வேற ஊர்ல ஆள் கேக்கவும் தேதி இல்ல. ராப் போனா ஏழு பேரு. ஏழு பேரோட போனா போட்டி வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான். பத்தொன்பது வருசம், நெட்டா." சேண்டி ராபைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான். "அதனால ராப் நிக்கணும்."

ராப் தலையைத் தூக்கினான். ஒரு நொடி அவன் முகத்தில் என்னவெல்லாமோ வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"நிக்க மட்டும்தான்" என்றான் சேண்டி. "ஒத்துக் குழல் மூணுலயும் தக்கை அடிச்சிரு. சீவாளிய எடுத்துட்டு அந்த எடத்தையும் அடைச்சிரு. கன்னத்த உப்பு, விரல ஆட்டு, எங்களோட நட. சத்தம் மட்டும் வரக் கூடாது."

"அவனென்ன பொம்மையா?" நெட்டா கத்தினாள். "நாப்பத்திநாலு வருசம் ஊதினவனப் பாத்து நாக்குல நரம்பில்லாம சொல்ற!"

"நான் வேண்டாம்னா சொல்றேன்? என்ன செய்யணும்னு நீ சொல்லு. சொல்லு பாப்போம். அந்தப் புள்ள இருந்திருந்தா இவனக் கௌரவமா அனுப்பி வச்சிருப்பேன். விருந்து வச்சு, மாலை மரியாதையோட அனுப்பியிருப்பேன்."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

"சரி" என்றான் ராப். "நிக்கிறேன்."

"யோவ்..."

"விடு நெட்டா. நான் பண்ணுனது."

*

தக்கைகளை அவனே சீவினான். இடது கையால் பிடித்து, வலது கையின் மற்ற விரல்களால் கத்தியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொன்றையும் சொருகிப் பார்த்துப் பார்த்துச் சீவினான். நெட்டா உதவிக்குப் போனாள். வேண்டாம் என்றான். எப்போதும் பைக்குத் தடவுகிற மெழுகைத் தடவினான், பித்தளை வளையங்களைத் துலக்கினான். வாசிக்கப் போகிற குழலுக்குச் செய்கிற எல்லாவற்றையும் செய்தான்.

மார்ச் முதல் ஞாயிறு, முதன்முதலாக வெளியே, சங்கத்துக் கார் நிறுத்துகிற இடத்தில் வட்டம் கட்டினார்கள். வெயில் மாதிரி ஏதோ ஒன்று அடித்தது. ராப் வழக்கமான இடத்தில், வலது பக்கக் கடைசியில் நின்றான். மற்றவர்கள் யாரும் அவனிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. டாட் சிகரெட்கூட நீட்டினான். அதுதான் நெட்டாவுக்குத் தாங்கவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

சேண்டி காலைத் தட்டினான். நெட்டா டிரம்மை அடித்தாள். பாட்டு எழும்பியது.

முதல் பாகம் போனது, இரண்டாவது போனது. மூன்றாவது வந்தது. பிர்ல் விழுந்தது. ஒன்றாக விழுந்தது. அடுத்ததும் ஒன்றாக. கண்ணாடியை வைரத்தால் கீறின மாதிரி, ஏழு பேரும் ஒரே விரல். இந்தப் பாண்டில் இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை. கையை அடித்துக்கொண்டே இருக்க விட்டுவிட்டு அவள் புருஷனைப் பார்த்தாள். முதுகு நேராக இருந்தது. கன்னம் உப்பி இருந்தது. விரல்கள் ஒரு சுரம் தவறாமல் மேலும் கீழும் போய் வந்தன. பிர்ல் வந்த இடத்திலெல்லாம் சுண்டுவிரல் தட்டிப் பாதியில் மாட்டி நின்றது. அதனால் இனி யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

பாட்டு வெட்டினாற்போல் நின்றது. அதுவும் சுத்தம். டிரம்காரர்கள் ஊளையிட்டார்கள். டாட் தொப்பியைத் தூக்கி எறிந்தான். சேண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான்யா, இதுதான்!" என்றான். எல்லாருடைய பையும் கைக்கு அடியில் சப்பென்று தொங்கிப்போயிருந்தது. ராபின் பை மட்டும் அப்படியே திம்மென்று உப்பி நின்றது. உள்ளே போன காற்றுக்கு வெளியே வர வழியில்லை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் அணைத்துக்கொண்டு நின்றான்.

நெட்டா டிரம்மோடு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"நல்லா இருந்துச்சுல்ல?" என்று கேட்டான்.

முன்ன மாதிரி இல்லை என்று பொய் சொல்லிவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் இனிமேல் ஒரு பொய்யைக்கூட அவளால் சுமக்க முடியாது.

"ஆமாய்யா. நல்லா இருந்துச்சு."

"எனக்கும் கேட்டுச்சு" என்றான் ராப்.

"இன்னொரு தடவ!" என்று சேண்டி கத்தினான். எல்லாரும் தங்கள் இடத்துக்கு ஓடினார்கள். ஏழு பேரும் பைக்குள் காற்றை ஊதினார்கள். ராபுக்கு ஊத வேண்டிய வேலை இல்லை. ஊதுகுழலை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டு, சேண்டியின் காலைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தான்.